அவருக்கு நடந்தவள்

திரைப்படங்களில் நடப்பவர்களின் காலடிச் சத்தம் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. படம் பிடிக்கும்போது பேச்சைத்தான் ஒழுங்காகப் பதிவு செய்கிறார்கள். நடை, துணி உரசல், தட்டு வைப்பது, நாற்காலி இழுப்பது எல்லாவற்றையும் பிறகு ஓர் இருட்டறையில் திரையைப் பார்த்துக்கொண்டே யாரோ உண்டாக்குகிறார்கள். அவள் அந்த யாரோ. ஸ்டூடியோவில் அவளுக்குக் காலடியம்மா என்று பெயர்.

அந்த அறையின் தரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் மணல், ஒன்றில் மண், ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் சிமெண்டு, ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் காய்ந்த இலை. சுவரோரம் அலமாரி நிறையச் செருப்புகளும் ஷூக்களும். எல்லாம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை. புதுச் செருப்பு யார் போட்டாலும் ஒரே மாதிரிதான் பேசும், வாழ்ந்த செருப்பாக இருக்க வேண்டும் என்பாள்.

கதாநாயகியின் குதிகால் செருப்புக்கு அவள்தான் நடந்தாள். அவளைத் துரத்தும் வில்லனின் பூட்ஸுக்கும் அவள்தான். பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். ஒரு படத்தில் அதற்கும் நடக்கச் சொன்னார்கள். "கால் இல்லாதவளுக்கு எப்படி நடக்கறதுன்னு நீங்களே நடந்து காட்டுங்க" என்று அந்த இயக்குநரைப் பிடித்து மணலில் இறக்கிவிட்டாள். அவர் நடந்து காட்டியது அவருடைய மாமனார் நடை மாதிரி இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு மழை நாள் சாயங்காலம் அவள் கணவன் ஓட்டிய வண்டியை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. அவன் மின்சார வேலை செய்பவன். வேலை முடிந்து, வழியில் ஸ்டூடியோ வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அவள் இடது காலில் தகடும் திருகாணிகளுமாக வீடு வந்து சேர்ந்தாள். கால் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. முழங்கால் பாதிதான் மடங்கியது.

அதன் பிறகு அவள் நடையில் இரண்டு விதமான சத்தம் இருந்தது. வலது கால் கனமாக விழும். இடது கால் இழுபட்டு வந்து, தயங்கி, முழுதாக ஊன்றாமலே எழுந்துவிடும். எந்தக் கதாநாயகியும் அப்படி நடக்கவில்லை. ஸ்டூடியோவுக்கு இன்னொருத்தி வந்தாள். உடம்பில் எடையே இல்லாதவள் போல நடப்பாள். குருவி என்று கூப்பிட்டார்கள். காலடியம்மா கைவேலைக்கு மாறினாள். சாவி, கதவுப்பிடி, தட்டு, காகிதம், துணி. முத்தக் காட்சிகளுக்குத் தன் மணிக்கட்டைத் தானே முத்தமிடுவாள்.

"இதுவரைக்கும் திரையில விழுந்த முத்தத்துல பாதி என் மணிக்கட்டுல விழுந்ததுதான்" என்பாள். "எவனாவது ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கானா?"

வீடு ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கே அவளும் மாமியாரும் இருந்தார்கள். ஒரே ஆளை இழந்த இரண்டு பேர். மாமியார் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவாள். அவள் போவதில்லை. விபத்துக்கு முன்னால் அவளும் போனவள்தான், பாட்டுக்குழுவில் இரண்டாம் குரல் பாடியவள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போதகர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். கட்டிலருகே நின்று, "ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதாம்மா உங்களை விட்டு வெச்சிருக்கார்" என்றார்.

"அப்ப அவரை நோக்கம் இல்லாமத்தான் எடுத்துக்கிட்டாரா ஐயா?"

போதகர் உட்கார்ந்து, கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். அதற்கப்புறமும் அடிக்கடி வந்தார். ஒருமுறை வீட்டில் ஓடாமல் கிடந்த மின்விசிறியைச் சரி செய்துவிட்டுப் போனார். நோக்கம் என்ற சொல்லை மட்டும் அவர் மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் அந்தச் சொல் அவளிடம் தங்கிவிட்டது. எதற்காகத் தன்னை விட்டு வைத்தார்? தட்டுச் சத்தத்துக்கா? ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் புறப்பட்டு வாசலில் நின்று, "வர்றியா?" என்பாள்.

"நான் வரல அத்தை. நேர்ல பாத்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என்னை எதுக்கு விட்டு வெச்சீங்கன்னு. அதுக்குப் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் நானும் அவரும் பேசறதா இல்ல."

"அவர் ரொம்பக் கவலைப்பட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்று மாமியார் படியிறங்குவாள்.

வருடங்கள் இப்படிப் போயின. பிறகு அந்தப் படம் வந்தது.

இயக்குநர் குள்ளமான மனிதர். பாதிரியாராகும் குருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு வெளியே வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளன் கேட்டதற்கு, "எல்லாக் கேள்விக்கும் பதில் வெச்சிருந்தாங்க. பயமா இருந்துச்சு" என்றார். ஒலிப்பதிவாளனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அந்தப் பதிலால் அவனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இயேசு சிலுவையைச் சுமந்து குன்றில் ஏறுவதுதான் படம். ஆனால் கூட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. இருபது பேர்தான் வந்திருந்தார்கள். அதனால் காமிராவைத் தரையில் வைத்து, அந்த இருபது பேரையும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுக் கால்களை மட்டும் எடுத்திருந்தார். குன்றேறும் காட்சியில் பெரும் பகுதி வெறும் பாதங்கள். புழுதி, கல், துணியின் கீழ்விளிம்பு, பாதங்கள்.

"சார், கட்டை விரல்ல காயம் இருக்கறவன் மறுபடி மறுபடி வர்றான்" என்றான் ஒலிப்பதிவாளன்.

"அவனுக்கு பக்தி ஜாஸ்தி" என்றார் இயக்குநர்.

இவ்வளவு கால்களுக்குக் குருவி ஒருத்தி போதாது. ஒலிப்பதிவாளன் காலடியம்மாவைத் தேடி வந்தான். அவள் இன்னொரு படத்துக்காகக் கரண்டியால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கூட்டத்துக்கு நீங்களும் நடக்கணும். கூட்டம்னா நடை எப்படி இருந்தாலும் கேக்காது."

"நல்லா ஆறுதல் சொல்றே. யாரு படம்?"

அவன் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கூட்டத்துக்கு வேணா நடக்கறேன். அவருக்கு நான் நடக்க மாட்டேன்."

"அவருக்குக் குருவி நடக்கறா. நீங்க கூட்டம்."

"எழுதிக்கோ. நான் கூட்டம்."

பதிவு மதியம் தொடங்கியது. அவள் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறுங்காலோடு, சரளை தூவிய மணல் கட்டத்தில் இறங்கினாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளனும், அவன் பின்னால் இயக்குநரும் குருவியும் இருந்தார்கள். முதலில் படைவீரர்கள், பிறகு வேடிக்கை பார்ப்பவர்கள், ஒரு தண்ணீர் சுமப்பவள் என்று ஒவ்வொரு ஜோடிக் காலாக நடந்து முடித்தாள். உண்மையிலேயே எதுவும் தனியாகக் கேட்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாகவும் கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது.

இந்த வேலை செய்பவர்கள் படம் பார்ப்பது வேறு மாதிரி. அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பாதம் தரையில் படும்போது பார்த்தால்கூடப் பிந்திவிடும். பின் குதிகால் எழும்போதே அது அடுத்து எங்கே, எவ்வளவு கனத்தோடு விழும் என்று தெரிந்துவிட வேண்டும். பிறகு தன் உடம்பை அந்தக் காலிடம் கொடுத்துவிட வேண்டும். யாருடைய கால் என்று யோசித்தால் தவறிவிடும்.

"அடுத்தது, வலது ஓரத்துல ஒரு பொம்பளை வர்றா பாருங்கக்கா" என்று ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளன் குரல் வந்தது. "பழுப்புத் துணி. கூட்டத்தோட கடைசி வரைக்கும் போறா. அந்தக் கால்."

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் வலது ஓரத்தில் பழுப்பு விளிம்புக்குக் கீழே மெலிந்த இரண்டு பாதங்கள் வந்தன. அவள் அவற்றோடு நடக்கத் தொடங்கினாள். படைவீரர்களின் கால்கள் குறுக்கே வந்து மறைத்தன. புழுதி எழுந்தது. அது அடங்கியபோது பழுப்பு விளிம்புகள் இரண்டு இருந்தன. மெலிந்த பாதங்கள் இரண்டு ஜோடி. யோசிக்க நேரமில்லை. அவள் உடம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பாதங்களில் வலது கனமாக விழுந்தது. இடது இழுபட்டு வந்தது. தயங்கியது. முழுதாக ஊன்றுமுன் எழுந்தது.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளன் நிமிர்ந்தான். அவள் தவறான காலைப் பிடித்துவிட்டாள் என்று மூன்றாவது அடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பேசும் பொத்தானில் விரலை வைத்தான். இயக்குநரைத் திரும்பிப் பார்த்தான். அவர் எழுந்து நின்றிருந்தார். விரலை எடுத்துவிட்டான். "அன்னைக்கு மட்டும் நிறுத்தியிருந்தேன்னா, என் கை விளங்கியிருக்காது" என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மணலில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்த பாதம் கல்லில் வழுக்கியது, அவளும் வழுக்கினாள். பாதம் நின்றது. விரல்கள் மண்ணைப் பற்றின. அவள் விரல்களும் பற்றின. மூச்சு எடுக்கும் நேரம் அப்படியே நின்றுவிட்டு, இரண்டும் ஒன்றாக அடுத்த அடியை வைத்தன. அவள் தன் நடையை ஒளிக்கவில்லை, திருத்தவில்லை. விபத்துக்குப் பிறகு ஒரு காட்சியில் முதல் தடவையாக அவள் செய்ய வேண்டியிருந்தது நடப்பது மட்டும்தான்.

விளக்கு அணைந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கிடம் வந்தாள்.

"யாருப்பா அந்தப் பொம்பளை? நல்லா நடந்திருக்கா. பாவம், காலுல ஏதோ அடி போல."

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளன் பதிவைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன, மைக் ஓடலையா?"

"ஓடுச்சுக்கா. போட்டுக் காட்டறேன். அதுக்கு அப்புறம் வர்றதையும் சேர்த்துப் பாருங்க."

திரையில் மறுபடி பாதங்கள் வந்தன. இம்முறை சத்தத்தோடு. கனமாக ஒன்று, இழுபட்டு ஒன்று. அவள் நடந்த இடம் முடிந்ததும் பதிவு நின்றது, படம் மட்டும் ஓடியது. தரையில் கிடந்த காமிரா மெல்ல மேலே எழுந்தது. பழுப்புத் துணி. அதன் பின்னால் மண்ணைக் கீறிக்கொண்டு வரும் மரத்தின் நுனி. மரத்தைப் பிடித்திருந்த கை. வளைந்த முதுகு. காமிரா இன்னும் எழுந்தது.



"மறுபடி போடு" என்றாள்.

போட்டான்.

"படம் வேண்டாம். சத்தம் மட்டும் போடு."

திரை இருண்டது. அறையும் இருட்டு. ஸ்பீக்கர்களில் ஒருவர் ஏறி வரும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் தன் நடையை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. தெருவில் நடக்கும்போது அது தன் காதில் விழாதபடி ஏதாவது நினைத்துக்கொள்வாள். படிக்கட்டுகளில் ஆள் போகட்டும் என்று நிற்பாள். வெட்கப்பட்டுக்கொண்டு எங்கும் தூக்கிப்போன அந்தச் சத்தம் இப்போது இருட்டில் இடது பக்கமிருந்து வந்து அவளைக் கடந்து வலது பக்கம் போனது. ஒரு கல் உருண்டது. கால் இழுபட்டது. தயங்கியது. எழுந்தது. அது அவளுடையது என்பதில் சந்தேகமில்லை. அவருடையது என்பதிலும் சந்தேகமில்லை. யாரோ அறைக்குள் இருப்பது போல அவள் சுவரோரமாக விலகி வழி விட்டாள்.

விளக்கைப் போட்டதும் குருவிதான் முதலில் உள்ளே ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இதுக்காகத்தான் போல... உங்க காலு இப்படி ஆனது..."

"வாயை மூடு" என்றாள் காலடியம்மா. சத்தமாக அல்ல. "ஒரு படத்துக்குக் காலடிச் சத்தம் வேணும்னு என் புருஷனை லாரியில விட்டு அடிப்பாரா? அப்படி ஒருத்தர் மேல இருக்காருன்னா அவருக்கு நான் செருப்பு விழற சத்தம்கூடக் குடுக்க மாட்டேன்."

இயக்குநர் வாசலில் நின்றிருந்தார்.

"அதுக்காக இல்லம்மா" என்றார். "எதுக்காகன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் கால் அப்படித்தான் இழுபட்டுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் மணலைப் பார்த்தாள். அவள் ஏறிய தடங்கள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

"அவளைத் திட்டினதுக்கு டீ வாங்கிக் குடுங்க யாராவது" என்றாள். பிறகு, "மிச்சம் எவ்வளவு ஏறணும்?" என்று கேட்டாள்.

குன்றின் மீதி வழியை அவளே நடந்தாள். கீழே விழும் இடங்களுக்கு வழக்கமாக மணல் மூட்டையைப் போடுவார்கள். அவள் மூட்டையை மார்போடு கட்டிக்கொண்டு விழுந்தாள். மடங்காத முழங்காலோடு எழுந்திருக்க அவளுக்கு நேரமானது. திரையில் இருந்தவருக்கும் நேரமானது. ஒருமுறை அவர் முந்திக்கொண்டார். "இருங்க" என்று அவள் முணுமுணுத்தது பதிவாகிவிட்டது. ஒலிப்பதிவாளன் அதைப் பிறகு அழித்தான். முழுதாக அழிக்கவில்லை, தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டான்.

மறுநாள் உச்சிக்கு வந்தார்கள். ஆணியடிப்பதை இயக்குநர் காட்டவில்லை. அதற்குப் பிந்திய ஒரு நீண்ட காட்சி மட்டும் இருந்தது. திரை நிறைய இரண்டு பாதங்கள். ஒன்றின்மேல் ஒன்று. பின்னால் வானம்.

"இங்க என்ன சத்தம் சார்?" என்று ஒலிப்பதிவாளன் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வெத்து அறையை ஒரு நிமிஷம் பதிவு பண்ணிடறேன்."

"வெத்து அறை வேண்டாம்" என்றார் இயக்குநர். "யாரும் இல்லாத அறையோட அமைதி வேற. ஒருத்தர் நிக்கிற அறையோட அமைதி வேற. அம்மா, நீங்க நில்லுங்க. சும்மா நின்னா போதும்."

அவள் மணலில் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இத்தனை வருட வேலையில் திரையில் பாதங்கள் இருந்தும் அவள் செய்ய ஒன்றுமில்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அவை தரையைத் தொடவில்லை. அவற்றுக்குச் சத்தம் கொடுக்க யாராலும் முடியாது.

மழையில் சாலையில் விழுந்து கிடந்தபோது அவளுக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. லாரியின் சக்கரங்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது கணவனின் கால்கள் மட்டும்தான். ஒன்றில் ஷூ இருந்தது. ஒன்றில் இல்லை. சாக்ஸ் நனைந்துகொண்டிருந்தது. அவள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த அசைவு எப்போது வரும் என்று. அவளுக்குத் தெரிந்த வேலை அது. குதிகால் எழும், எழுந்தால் எங்கே விழும் என்று சொல்லிவிடலாம். எழவில்லை. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை எழவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மாமியாரிடம்கூட.

இப்போது அவள் முன்னால் இருந்த பாதங்களும் அசையவில்லை. அவளோடு அத்தனை தூரம் ஏறி வந்த பாதங்கள். அவர் அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. லாரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறார். நனைந்த சாக்ஸ் வரைக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு பெரிய கட்டடத்துக்குள் முதல் தடவை நுழைந்தவளைப் போல மூச்சு மெதுவானது. அறையின் அமைதி அவள் தோளில் அமர்ந்தது. நிற்கச் சொன்ன நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. போதும் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். குருவி கையிலிருந்த டம்ளரை வைத்தால் சத்தம் கேட்குமோ என்று அப்படியே பிடித்திருந்தாள்.

கடைசிக் காட்சியில் மறுபடி சிக்கல் வந்தது.

விடிகாலைத் தோட்டம். அவரை வைத்த கல்லறை வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு அழுகிறாள். அவள் பின்னால் ஈர மண்ணில் பாதங்கள் வருகின்றன. மெதுவாக, ஒரே சீராக. மேற்பாதத்தில் காயம். சத்தம் கேட்டு அவள் திரும்ப வேண்டும்.

"இதுக்கு நான் நடக்கறேன்" என்றாள் குருவி. "உயிரோட எழுந்துட்டாருல்ல, இனிமே வலி ஏது? பஞ்சு மாதிரி நடந்துடறேன்."

நடந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் அந்தப் பெண் எதற்குத் திரும்புகிறாள் என்று தெரியவில்லை.

"பூனை வர்ற மாதிரி இருக்கு" என்றான் ஒலிப்பதிவாளன்.

"உங்க வீட்டுப் பூனைக்கு நான்தான் டியூஷன் எடுத்தேன்" என்று குருவி வெளியே வந்தாள்.

இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "காயம் இருந்துச்சு. அது வேதத்துல எழுதியிருக்கு. சந்தேகப்பட்ட சீடன்கிட்ட தொட்டுப் பாருன்னு காட்டினார். ஆனா அந்தக் காயத்தோட எப்படி நடந்தார்னு யாரும் எழுதி வெக்கல."

"எனக்கு ஒண்ணு புரியல சார்" என்றான் ஒலிப்பதிவாளன். "சாவையே தாண்டி வந்தவரு. ரெண்டு ஓட்டையை அடைச்சுக்க முடியாதா?"

"அடைச்சுக்கல. அப்படியே வெச்சுக்கிட்டார். ஏன்னு கேக்காதே. பல வருஷமா எனக்கு அந்த இடத்துல பேச்சு வரல."

யாரும் காலடியம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே கூப்பிட்ட மாதிரி இருந்தது. அவள் எழுந்து போய் நனைத்து வைத்த மண்ணில் இறங்கினாள்.

முதல் தடவை வந்தது குன்றில் ஏறிய அதே நடை. கனமாக ஒன்று, இழுபட்டு ஒன்று. இயக்குநர் தலையசைத்தார். "இது சிலுவையில ஏறின வெள்ளிக்கிழமை நடைம்மா."

அவளுக்கும் தெரிந்தது. அப்படி நடந்தால் அவர் எழுந்ததே நடக்காதது போல. குருவி மாதிரி நடந்தால் வெள்ளிக்கிழமையே இல்லாதது போல. காயமும் இருக்க வேண்டும், அவர் எழுந்தும் வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு நடையை அவள் யாரிடமும் பார்த்ததில்லை. அலமாரியில் இருந்த எந்தச் செருப்பிலும் அது இல்லை.

கீழே தன் இடது காலைப் பார்த்தாள். அது தாங்கும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அவள்தான் நம்பவில்லை. விபத்துக்குப் பிறகு ஒருநாள்கூட அதன்மேல் முழு எடையைப் போட்டதில்லை. ஊன்றுவதற்குள் எடுத்துவிடுவாள்.

"போடு" என்றாள்.

சிவப்பு விளக்கு. தோட்டம். பாதங்கள் வந்தன.

வலது கால் விழுந்தது. இடது கால் வந்தது. குட்டையான கால் குட்டையாகத்தான் வந்தது. அந்தத் தாழ்வு சத்தத்தில் இருந்தது. ஆனால் அவள் அதை எடுக்கவில்லை. முழு உடம்பையும் அதன்மேல் இறக்கினாள். வலி முழங்கால் வரைக்கும் ஓடியது. ஓடி, நின்றது. கால் தாங்கியது. ஈர மண் அமுங்கி, அவள் எடையை வாங்கிக்கொண்டு மெல்லிய பெருமூச்சு போல ஒரு சத்தம் விட்டது. அடுத்த அடி. அதற்கடுத்தது. காயத்தை மறைக்காமலும் காத்துக்கொள்ளாமலும் ஒருவர் வருகிற சத்தம். அவசரமில்லாமல், நிச்சயமாக, இவளிடம்தான் வருகிறார் என்று தெரிகிற சத்தம்.

திரையில் அழுதுகொண்டிருந்தவள் திரும்பினாள்.

வேறு எந்தக் காலடிக்கும் அவள் அப்படித் திரும்பியிருக்க முடியாது. எத்தனையோ நாள் முன்னால் எங்கோ ஒரு தோட்டத்தில் எடுத்த காட்சி. இந்தச் சத்தம் அப்போது உலகத்திலேயே இல்லை. ஆனாலும் அவள் இதைக் கேட்டுத்தான் திரும்பினாள். ஒலிப்பதிவாளன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பிறகு அவசரமாக மாட்டிக்கொண்டான்.

படம் முடிந்து திரை இருண்டது. இருட்டில் இன்னும் காலடிகள் கேட்டன. மண் கட்டத்தைத் தாண்டி, சிமெண்டில் ஏறி, சுவர் வரைக்கும் போய், நின்றன.

"அக்கா" என்றான் ஸ்பீக்கரில், மிகவும் மெதுவாக. "படம் முடிஞ்சிடுச்சுக்கா."

"தெரியும்ப்பா" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது. "நீ விளக்கைப் போடாதே. கொஞ்சம் இரு."

அவன் போடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் தரையில் பேப்பரை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னடி, என்ன ஆச்சு?"

அவள் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள். தவறான காலைப் பிடித்தது, குன்று, தோட்டம் எல்லாவற்றையும் சொன்னாள். நின்ற இடத்தையும் சொன்னாள். சாக்ஸை முதல் தடவையாகச் சொன்னாள். மாமியார் குனிந்தபடி கேட்டாள். அவள் விரல்களுக்கிடையில் ஒரு பட்டாணித் தோல் கிழிந்து கிழிந்து நாராகிப் போனது. மகனுடைய கால்களைப் பற்றி அவளுக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

கிழிந்த தோலைப் பேப்பரில் போட்டுவிட்டு, "அவ்வளவு கிட்டத்துல வந்திருக்கார்" என்றாள். "கேட்டியா?"

"எதை?"

"எதையா? வாசல்ல நின்னு வாராவாரம் எங்கிட்ட சொல்லுவியே. எதுக்கு விட்டு வெச்சீங்கன்னு. கேட்டியா?"



"மறந்துட்டேன் அத்தை."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"நானும் வாராவாரம் கேக்கணும்னுதான் போறேன்" என்றாள்.

பிறகு பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சாப்பாடு ஆறிப்போகிறது, கையைக் கழுவிவிட்டு வா என்று உள்ளே போனாள்.